ஓவியருக்கும் ஆடி மாதம் உண்டு

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு வயது 29. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் 32,000 ரூபாய் சம்பளத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன் அதை விட்டுவிட்டுத் திருச்சியில் பெற்றோருடன் இருந்துகொண்டு தனியாக வரைகிறேன். புத்தக அட்டைகள், உருவப்படங்கள், வீட்டுச் சுவரோவியங்கள். ஒரு மாதம் 50,000 வருகிறது, இன்னொரு மாதம் 4,000கூட வருவதில்லை. ஒரு பதிப்பகம் ஆறு அட்டைகளுக்கான 24,000 ரூபாயை ஏழு மாதமாகத் தரவில்லை. அதில் ஒன்றை, நான் அக்ரிலிக்கில் தீட்டியதை, என்னைக் கேட்காமலே டைரியில் அச்சடித்து என் பெயரும் போடாமல் விற்கிறார்கள். எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியதுதான், ஒப்பந்தம் இல்லை. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் பக்கச்சுவரில் இலவசமாக வரையச் சொல்கிறார், "ஊரே பார்க்குமே" என்கிறார். அப்பா பழைய வேலைக்கே போகச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்? விலை எப்படி வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

தம்பி,

ஒரு மாதம் 50,000, ஒரு மாதம் 4,000 என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு மாதத்தில் மொத்தம் எவ்வளவு வந்தது என்று எழுதவில்லை. அந்தத் தொகை உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளாக இதே பிழைப்பில் இருக்கிறேன். வார இதழ்க் கதைகளுக்கும் பாடநூல்களுக்கும் வரைந்திருக்கிறேன், ஒருமுறை ஊறுகாய் பாட்டில் லேபிளுக்கும். முதல் ஆறு ஆண்டுகள் எனக்கும் தெரியாது. வந்த மாதம் செலவு செய்தேன், வராத மாதம் அழுதேன். இது கலைஞனின் தலையெழுத்து என்று வேறு பேசிக்கொண்டிருந்தேன். தலையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. கணக்கு எழுதாத சோம்பல்தான்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பதினான்கு மாத வங்கி வரவையும் ஜி-பே வரவையும் மாதவாரியாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் பக்கத்தில் தமிழ் மாதத்தையும் குறியுங்கள். அப்போது தெரியும், உங்கள் வருமானம் கண்டபடி ஏறி இறங்கவில்லை என்று. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் பதிப்பாளர்கள் ஐப்பசி, கார்த்திகையில்தான் அட்டைக்கு ஓடி வருவார்கள். மாசி பிறந்தால் அவர்கள் போனை எடுக்கமாட்டார்கள். கிரகப்பிரவேசம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் யாரும் சுவரோவியம் கேட்கமாட்டார்கள். திருமணப் பரிசுக்கான உருவப்படங்கள் முகூர்த்த மாதங்களோடு வரும், அவற்றோடு போகும். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை. அப்போது பெற்றோர் பிள்ளைகளை எங்காவது ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டால் போதும் என்று இருப்பார்கள்.

நெசவாளருக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் ஆண்டில் சில மாதம் வேலை இருக்காது என்பதை அவர்கள் வீட்டுக் குழந்தைகூட அறியும். நாம் மட்டும்தான் ஒவ்வோர் ஆடியிலும் புதிதாக அதிர்ச்சி அடைகிறோம். நான் செய்வது இதுதான்: வருகிற பணம் எல்லாம் ஒரு கணக்கில் விழும். அதிலிருந்து மாதம் பிறந்ததும் ஒரே தொகையை எனக்கு நானே சம்பளமாக வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்வேன். ஐப்பசியில் 70,000 வந்தாலும் சம்பளம் அதேதான். குறைந்தது நான்கு மாதச் சம்பளம் முதல் கணக்கில் சேரும்வரை புதுத் தூரிகைகூட வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். தூரிகை விஷயத்தில் மட்டும் அடிக்கடி மீறினேன்.

இனி விலை. படத்தின் அளவைப் பார்த்தோ, இன்னொருவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்தோ விலை வைக்காதீர்கள். உங்கள் ஒரு நாளின் விலை என்ன என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெற்றோர் வீட்டில் இருப்பதால் வாடகையும் சாப்பாடும் இலவசம் என்று கணக்கில் விடவேண்டாம். அது அப்பா உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தரும் மானியம். வீட்டுச் செலவு மாதம் 22,000 என்று வைத்துக்கொள்வோம். வண்ணம், கித்தான், கணினி, இணையம், பஸ் செலவு 8,000. ஆண்டுக்கு 3,60,000. மருத்துவக் காப்பீடும் சேமிப்பும் சேர்த்து 90,000. ஆக 4,50,000 ரூபாய்.

ஆண்டில் 365 நாளில் ஞாயிறு 52 போக 313. பண்டிகை, காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம் என்று இன்னும் 33 போகட்டும். மிச்சம் 280. இந்த 280 நாளும் நீங்கள் வரையப்போவதில்லை. கொட்டேஷன் அனுப்புவது, சுவரை அளக்கப் போவது, படத்துக்குச் சட்டம் போடக் கொடுப்பது, பாக்கி கேட்டு அலைவது என்று சரிபாதி போய்விடும். காசு தரும் நாள்கள் 140தான். 4,50,000-ஐ 140-ஆல் வகுத்தால் 3,200 ரூபாய்க்குச் சற்று மேல். இது லாபம் அல்ல, மூழ்காமல் இருப்பதற்கான விலை.

இப்போது அந்தப் பதிப்பகத்தைப் பாருங்கள். ஓர் அட்டைக்கு 4,000 ரூபாய். நீங்கள் தீட்டும் விதத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நாளாவது ஆகியிருக்கும். நாளுக்கு 1,300 ரூபாய். கொத்தனாரின் கூலிக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் கொத்தனாருக்குச் சனிக்கிழமை மாலையில் கூலி கைக்கு வந்துவிடும். உங்களுக்கு ஏழு மாதமாக வரவில்லை.

அதற்காகப் பதிப்பாளர்களை எல்லாம் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று பல தமிழ்ப் புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தாம் அச்சாகின்றன. 300 பிரதி, விலை 200 ரூபாய் என்றால் எல்லாம் விற்றாலும் 60,000. கடைக்காரர் கழிவு, அச்சுக்கூலி, எழுத்தாளர் பங்கு போக அட்டைக்குப் பத்தாயிரம் கொடு என்றால் அவர் எங்கே போவார்? ஆகவே அவரிடம் சண்டை போடாமல் வேலையின் அளவைக் குறையுங்கள். நாலாயிரம் தருபவருக்கு ஒரு நாள் வேலை: இரண்டு மாதிரி, ஒரு திருத்தம், அவ்வளவுதான். மூன்று நாள் தீட்டும் அட்டை வேண்டுமென்றால் அதற்கு வேறு விலை. "குறைத்துச் செய்ய என் மனம் ஒப்பாது" என்று சொல்வீர்கள். ஒரே நாளில் முடியும் நல்ல கோட்டோவியம் எத்தனையோ உண்டு. அதைக் கற்றுக்கொள்வதும் தொழில்தான்.

சுவரோவியத்துக்குச் சதுர அடிக் கணக்கில்தான் பேசுவார்கள். பேசுங்கள், ஆனால் மனத்துக்குள் நாள்கணக்குப் போட்டுவிட்டு அதைச் சதுர அடியாக மாற்றிச் சொல்லுங்கள். பட்டி பார்ப்பதும் சாரம் கட்டுவதும் யார் செலவு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பாதி அட்வான்ஸ், பாதி வேலையில் இன்னொரு பங்கு, சாரத்தைவிட்டு இறங்குமுன் மீதி. இறங்கிய பிறகு கேட்டால் அந்த மீனின் கண் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்பார்கள். உருவப்படத்துக்கு முழுப்பணமும் முதலிலேயே வாங்கிவிடலாம். காலமான அப்பாவின் படத்தை முதல் திதிக்குள் கேட்டு வருபவர்கள் பேரம் பேசுவது குறைவு. அவர்களுக்கு வேண்டியது அந்தத் தேதி. அந்த வேலையில் முகச்சாயல் தவறினால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

டைரி விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். வரைந்தவருக்கே பதிப்புரிமை என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பொதுவாக அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்துத் தீட்டப்பட்ட ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். உங்களிடம் மாறான ஒப்பந்தம் இல்லை. வாட்ஸ்அப்பில் "சரி சார், வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்பதுதான் இருக்கிறது. அவர்கள் இன்னும் பணமே தரவில்லை என்பது உங்கள் பக்கத்துக்கு ஒரு வாதம். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். நான் ஓவியர், வக்கீல் இல்லை.

பெயர் போடாத குற்றம் வேறு. 57ஆம் பிரிவின்படி, உரிமை யாரிடம் போனாலும், இந்தப் படைப்பு என்னுடையது என்று சொல்லும் உரிமை படைத்தவரைவிட்டுப் போகாது. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுச் சிதைத்துவிட்டார்கள். சிற்பம் அரசுக்குச் சொந்தமானதுதான். ஆனாலும் 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் சிற்பத்தின் மிச்சத்தையும் கொடுக்கச் சொன்னது. வழக்குத் தொடுத்தது 1992-இல். பதின்மூன்று ஆண்டுகள் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே நீதிமன்றம் வேண்டாம், கடிதம் எழுதுங்கள். காட்டமில்லாமல், ஒரே பக்கத்தில்: ஆறு அட்டைகள், தேதிகள், 24,000 பாக்கி, டைரியில் பெயர் விடுபட்டது, டைரிப் பயன்பாட்டுக்குத் தனியே ஒரு தொகை. ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியும் சேர்த்து அனுப்புங்கள். மின்னஞ்சலைத் திறக்காதவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டு வாங்கிய தபாலைப் பிரித்துப் படிப்பார்கள்.

அடுத்த வேலையிலிருந்து ஒவ்வொரு கொட்டேஷனின் அடியிலும் இப்படி ஒரு வரி எழுதுங்கள்: "இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இந்நூலின் அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் பயன்படுத்த அனுமதி. வேறு பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம். ஓவியர் பெயர் இடம்பெற வேண்டும்." அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உரிமையையே எழுதி வாங்க வருகிறவர்களிடம் எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு என்று கேளுங்கள். அவற்றை எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு, இந்தியா என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று இருந்தால் விலையையும் அதற்கேற்பச் சொல்லுங்கள். கேட்டவுடன் பலர் "அட்டைக்கு மட்டும் போதும்" என்று இறங்கிவிடுவார்கள்.

பாக்கிக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஓவியர்கள் பெரும்பாலும் அறியாதது. உத்யம் என்ற மத்திய அரசு இணையதளத்தில் உங்களைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது போலித் தளம். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்றவரிடம் வேலை வாங்கிய நிறுவனம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பணம் தர 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, கூட்டு வட்டி. 2023–24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்து முடிக்கும்வரை, அந்த நிறுவனம் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. இதனால் மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். ஆனால் பழைய 24,000-க்கு இதை நம்பி இருக்காதீர்கள். பதிவுக்குப் பின் எடுக்கும் வேலைக்குத்தான் இது உறுதியாகத் துணை நிற்கும்.

வரியைப் பற்றி ஒரே ஒரு சொல். நிறுவனங்கள் உங்களுக்குத் தரும்போது டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பெரும்பாலும் 10% பிடித்திருப்பார்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது என்றாலும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். நான் மூன்று ஆண்டு தாக்கல் செய்யாமல் விட்டேன். என் பணத்தை அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பழைய வேலைக்குப் போவதா? அந்தக் கேள்வியை இப்படிக் கேட்டால் அதில் ஒரு வெட்கம் ஒட்டிக்கொள்கிறது. திரும்பினால் தோற்றவன், திரும்பாவிட்டால் கலைஞன் என்று. அந்த வெட்கத்தை யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை, சென்னை ஓவியர்கள் அல்ல. கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்த இளம் ஓவியர்களும் ஓவியம் விற்காது என்று தெரிந்துதான் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். கைவினையில் சோற்றைத் தேடிக்கொண்டதால் கித்தானில் யாருக்கும் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அவர்களின் ஓவியங்களை அருங்காட்சியகங்களில் பார்க்கிறோம், பாத்திக் துணிகளை யாரும் நினைப்பதில்லை. ஆனால் நிலத்தை வாங்கித் தந்தது துணிதான்.

உங்கள் பாத்திக் எது என்று தேடுங்கள். முழுநேர வேலையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பழைய நிறுவனத்திடமே மாதம் எட்டு நாள் வேலை தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நாளுக்கு 2,500 தந்தாலும் 20,000. நீங்கள் கணக்கிட்ட நாள்விலைக்குக் குறைவுதான், ஆனால் தேடி அலையாத நாள், பாக்கி விழாத நாள். சனி, ஞாயிறில் வகுப்பு எடுக்கலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் பயிற்சி தேடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 800 ரூபாய் என்றாலே மாதம் 9,600. எட்டு நாளும் வகுப்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30,000. நீங்கள் கவலைப்படும் ஆடி மாதம் அதோடு தீர்ந்தது. மீதி நாள்களில் வருவது உங்களுடையது.

கலைக்கூடங்கள் உங்களைக் காப்பாற்றும் என்று காத்திராதீர்கள். தனியார் கலைக்கூடம் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்ளும். அது நியாயம்தான், வாங்குபவரைத் தெரிந்துவைத்திருப்பது அவர்கள். ஆனால் விற்றால்தானே. அச்சுப்பிரதி போட்டு விற்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ராஜா ரவிவர்மாவே 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கிச் சில ஆண்டுகளில் கடனில் மாட்டி, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். அதன் பிறகும் படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன, லாபம் வேறொருவருக்கு. இருபது பிரதிக்கு மேல் முதலிலேயே அடிக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: கணினி வரைந்து தள்ளும் செயற்கை நுண்ணறிவுப் படங்கள். நாலாயிரம் ரூபாய் அட்டைகளில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே போய்விட்டது, திரும்பாது. ஃபிளெக்ஸ் வந்தபோது அண்ணா சாலையில் ஐம்பதடிக் கட்-அவுட் தீட்டியவர்கள் சில ஆண்டுகளுக்குள் தூரிகையைக் கீழே வைத்தார்கள். அவர்களுடைய கையில் குறையில்லை. எனக்கு இதில் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. பார்த்தவரை, சுவரும் திதிப் படமும் வகுப்பும் இன்னும் ஆளைத்தான் கேட்கின்றன. அட்டையை மட்டும் நம்பி ஆண்டைத் திட்டமிடவேண்டாம்.

ஜவுளிக்கடைக்காரருக்கு இலவசமாக வரையாதீர்கள். அவர் ஊழியருக்கும் பெயின்டருக்கும் சம்பளத்துக்குப் பதில் விளம்பரமா கொடுக்கிறார்? ஆனால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். சதுர அடிக் கணக்கோடு கொட்டேஷன் கொடுங்கள். கடைசியில் ஓவியர் பெயரும் தொலைபேசி எண்ணும் சுவரில் ஓரடி உயரத்தில் இருக்கும், அதற்காக 10% தள்ளுபடி என்று எழுதுங்கள். விளம்பரத்துக்கு அவர் சொன்ன மதிப்பு உண்மைதானா என்று அப்போது தெரிந்துவிடும்.

அப்பாவிடம் வாதாடவேண்டாம். நாற்பது பக்க நோட்டை எழுதி முடித்ததும் அவரிடமே கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு சிறு தொகையை, ஐயாயிரமானாலும், ஒன்றாம் தேதி அவர் கையில் வையுங்கள். அவர் கேட்பது உங்கள் சம்பளத்தை அல்ல, ஒன்றாம் தேதியை என்று நினைக்கிறேன். அடுத்த ஆடிவரை இந்த ஏற்பாட்டை நடத்திப் பாருங்கள். முதல் கணக்கில் நான்கு மாதச் சம்பளம் சேராவிட்டால் முழுநேர வேலை தேடுங்கள், வெட்கப்படாமல்.

பின்குறிப்பு: டைரிப் படத்தின் பிரதியை இணைத்திருந்தீர்கள். காவிரி மணலுக்கு நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சாம்பல் கலந்த மஞ்சள் நன்றாக இருக்கிறது. பதிப்பகத்துக்கு ஸ்கேன் செய்த கோப்பைத்தானே அனுப்பினீர்கள்? அசல் உங்களிடமே இருக்கவேண்டும். பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், கொடுக்காத காகிதம் உங்களுடையதுதான். கண்ணாடி போட்டுச் சட்டமிட்டு வையுங்கள். யாராவது கேட்டால், மூன்று நாள் கணக்கும் சட்டக்கூலியும் சேர்த்து 11,000-க்குக் கீழே இறங்காதீர்கள்.